எண்ணூறு ஆண்டுகள் தள்ளி இருந்தவர்

புதிய கணினி ஓசை எழுப்புவதில்லை. பழையது ஓடும்போது மேசைமேல் கையை வைத்தால் உள்ளங்கைக்குள் மெல்லிய நடுக்கம் ஒன்று ஏறும். நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது, காத்திரு என்று அதற்கு அர்த்தம். ஐப்பசியில் பெய்யும் துலாவர்ஷத்து இடி ஒன்று அதை முடித்துவைத்தது. அதன் இடத்துக்கு வந்த இந்தப் புதியது வேலை செய்யும்போதும் நிற்கும்போதும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அதன் முன் உட்கார்ந்திருப்பது, பூட்டாத ஒரு வீட்டின் கதவைத் தட்டிவிட்டு வாசலில் நிற்பதுபோல. உள்ளே ஆள் இல்லை என்றுதான் தோன்றும். நிச்சயமாகச் சொல்லவும் முடியாது.

எங்களுடையது சிறிய ஆய்வு மையம். நகரத்துக்குள் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். மச்சில் ஒரு மரநாய் குடியிருக்கிறது. பகலெல்லாம் தூங்கும், எப்போதாவது அது புரண்டு படுக்கும் ஓசை கேட்டால் கீழே இருக்கும் நாங்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்வோம். சில வார்டுகளைச் சேர்ந்த குடும்பங்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து, நடுவயது கடந்தவர்களுக்கு என்னென்ன நோய் வருகிறது, யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று பதிவு செய்வது எங்கள் வேலை. மழை ஓய்ந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை, உயிரோடு இருப்பவர்களின் பட்டியலைப் புள்ளியியல் மென்பொருள் வார்டு வாரியாகத் தயாரித்துக் கொடுக்கும். களப்பணியாளர் அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், பெயரை வாசித்து, இவர் இருக்கிறாரா என்று கேட்பார்.

அந்தப் பட்டியலை உருவாக்கும் நிரலை எழுதியவர் என் எதிர்மேசைக்காரர். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் வளர்ந்தவர். இரண்டு மழைக்காலங்களுக்கு முன் இறந்துபோனார். நிரல் எழுதுவதைக்கூட அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலத்தான் எழுதுவார். கட்டளைகளுக்கு நடுவே, எங்கள் தெருக்களில் பேசும் தமிழிலேயே, அடுத்து வருகிறவருக்குக் குறிப்புகள் வைப்பார். பழைய மென்பொருளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவர் எழுதியதெல்லாம் திரையில் கேள்விக்குறிகளாகவும் உடைந்த குறிகளாகவும் தெரியும். ஏன் வீணாக எழுதுகிறீர்கள் என்று கேட்டால், என்றைக்காவது அதற்குத் தமிழ் வரும், அப்போது படித்துக்கொள்ளட்டும் என்பார்.

இடி விழுந்தபின் பழைய கணினியோடு பழைய மென்பொருளும் போயிற்று. புதியதில் புதிய பதிப்பை நிறுவி, காப்பில் இருந்த அவருடைய நிரலை அதில் ஓடவிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் நாளே அது முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

அன்று மத்தியானம் எங்கள் களப்பணியாளர் குடையை வராந்தாவில் உதறிவிட்டு உள்ளே வந்தார். பாறசாலைப் பக்கத்துப் பெண், தமிழில் தொடங்கி மலையாளத்தில் இறங்கி மறுபடி தமிழில் ஏறிவருவார்.

"லிஸ்ட் ஆயோ மேடம்?"

"இன்னும் இல்லை. ஒரு எரரைச் சரி பண்ணினா இன்னொண்ணு வருது."

"செரிதான். பழசுக்கு இடி, புதுசுக்குக் காச்சல்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் சற்று நேரம் திரையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "விழிஞ்ஞத்துச் சேச்சி பின்னயும் கேட்டாச்சு, லிஸ்ட் எப்பம்னு" என்றார்.

விழிஞ்ஞத்துச் சேச்சி யார் என்பதை அன்றுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். குளச்சலிலிருந்து விழிஞ்ஞத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் ஒரு துலாம் மாதம் கடலுக்குப் போனார்; வள்ளம் திரும்பவில்லை. கூடப் போன இருவரின் உடல்கள் கரை ஒதுங்கின. இவருடையது வரவில்லை. ஓர் ஆண்டு பார்த்திருந்துவிட்டு, அந்த அம்மாள் மாதா கோயிலில் பூசை சொல்லி, பட்டியலோடு போன எங்கள் களப்பணியாளரிடம், வள்ளம் போன தேதியையே இறந்த தேதியாகச் சொன்னார். அது பதிவாயிற்று. மறு ஆண்டு, இருப்பவர்கள் பட்டியலில் அவர் பெயர் மறுபடி இருந்தது. களப்பணியாளர் மன்னிப்புக் கேட்டு அதே தேதியை மறுபடி ஏற்றினார். அதற்கடுத்த ஆண்டும் பெயர் வந்தது.

அந்தக் கரையில் இன்னும் சில வீடுகளிலும் இப்படி ஆனதுண்டாம். அங்கெல்லாம் சிரித்தார்கள், அல்லது திட்டினார்கள். கல்லறைத் தோட்டத்தில் போய்க் கேள் என்று ஒரு கிழவர் வழிகாட்டியும் விட்டாராம். கல்லறை இருந்தவர்களுக்கு அது வேடிக்கை. இந்த வீட்டில் மட்டும் கல்லறை இல்லை. மூன்றாம் முறை பெயரை வாசித்தபோது அந்த அம்மாள் தேதி சொல்லவில்லை. ஆபீசில் எங்கேயெல்லாமோ விசாரித்துத்தானே எழுதுகிறீர்கள் என்று கேட்டாராம். அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டும், இருக்கிறாரா என்றால், இருக்கிறார் என்றே பதில்.

என் எதிர்மேசைக்காரரிடம் களப்பணியாளர் ஒருமுறை இதைச் சொல்லியிருக்கிறார். பார்க்கிறேன் என்று அவர் சொன்ன அந்த மாதம்தான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தது.

இப்போது விஷயம் முற்றியிருந்தது. கடல் அந்தக் கரையின் முன்வரிசை வீடுகளை எடுத்துவிட்டது. அந்த அம்மாளின் வீடுதான் இப்போது முன்வரிசை. அங்கிருந்தவர்களுக்கு உள்ளே தள்ளி அரசு ஃபிளாட் ஒதுக்கியதும், மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். இவர் மட்டும் சாவியை வாங்க மறுக்கிறார். மகள் வந்து அழுதுவிட்டுப் போனாள். அடுத்த மழைக்கு அந்தச் சுவர் நிற்காது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: திரும்பி வந்தால் அவருக்கு இந்த வீடுதான் தெரியும்; இந்த ஆண்டுப் பட்டியல் வரட்டும்; அதில் பெயர் இருந்தால் நான் நகரமாட்டேன்.

இதைச் சொல்லிவிட்டுக் களப்பணியாளர் திரையை மறுபடி பார்த்தார். "கம்ப்யூட்டர் அறியாம ஒண்ணும் பறையாதுல்லா மேடம்?"

விளையாட்டாகக் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அடுத்து வந்த நாட்களை நான் அந்த நிரலுக்குள்ளேயே கழித்தேன். மென்பொருளின் பதிப்பு மாறும்போது நேரும் தொல்லைகள் பெரும்பாலும் சிறியவை. ஒரு துணைத்தொகுப்பு கைவிடப்பட்டிருக்கும். ஒரு கட்டளைக்குப் பெயர் மாறியிருக்கும். முன்பு எழுத்துகளைத் தானாகவே வகைகளாகப் பிரித்து வைத்தது, இப்போது எழுத்தாகவே விட்டுவிடும். பிழைச்செய்தியைப் படித்து, அது சுட்டும் வரிக்குப் போய், அங்கே என்ன எதிர்பார்க்கப்பட்டது, என்ன வந்து நிற்கிறது என்று பார்க்கவேண்டும். அவசரப்பட்டால் ஒன்றும் நடக்காது. எனக்குப் பிடித்த வேலைதான். ஆனால் இம்முறை ஒரு பிழையைத் தீர்க்கும்போதெல்லாம் நிரல் கொஞ்ச தூரம் ஓடி, இன்னும் உள்ளே போய் நின்றது. அவர் கடைசியாக மூடிவிட்டுப் போன அறைகளை ஒவ்வொன்றாகத் திறப்பதுபோல இருந்தது. அவருடைய வழக்கங்கள் அப்படியே இருந்தன. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வைப்பது, முடித்த பத்திக்குக் கீழே ஒரு வெற்று வரி விடுவது. அந்த வெற்று வரிகளில் அவர் எழுந்து காப்பி குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

பெரிய பிழை, ஆண்டைத் திருத்தும் இடத்தில் வந்தது. ஒரே ஒரு விடையை எதிர்பார்க்கும் நிபந்தனையில் பல விடைகள் வந்து நிற்கின்றன, இனித் தொடரமாட்டேன் என்றது செய்தி. அந்த வரி எனக்குத் தெரியும். எழுதியபோது காட்டிப் பெருமைப்பட்டிருந்தார். எங்கள் ஊரில் தேதி சொல்வதில் ஒரு பழக்கம் உண்டு. பிறந்தநாளை நட்சத்திரத்தால் சொல்வோம், வாடகையை இங்கிலீஷ் மாதத்தால் கொடுப்போம், வீட்டில் நடந்த நல்லது கெட்டதைச் சுவர்க் காலண்டரில் இருக்கும் மலையாளக் கொல்லம் ஆண்டால் நினைவு வைப்போம். ஆகையால் களத்திலிருந்து வரும் தேதிகளில் சிலவற்றின் ஆண்டு இரண்டாயிரத்துச் சொச்சம் என்றும், சிலவற்றின் ஆண்டு ஆயிரத்து நூற்றுச் சொச்சம் என்றும் இருக்கும். அவர் அதற்கு ஒரு வரி எழுதினார்: ஆண்டு சிறியதாக இருந்தால் அது கொல்லம் ஆண்டு, எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டு.

புதிய பதிப்பு அந்த வரியை ஏற்க மறுத்தது. ஒவ்வோர் ஆளாகக் கேட்கவேண்டிய கேள்வியை, அந்த வரி வார்டில் இருந்த எல்லோரையும் நோக்கி ஒரே மூச்சில் கேட்டது என்பதுதான் காரணம். கேள்வியை ஆளுக்கு ஒருமுறை கேட்கும்படி மாற்றி எழுதினேன். நிரல் ஓடியது. இம்முறை நிற்கவே இல்லை. இறுதிவரை போய்விட்டது என்று நான் நாற்காலியில் சாய்ந்தபோது, திரையின் அடியில் சிவப்பு எழுத்தில் தமிழ் வந்தது.

"இத்தனை பேர் ஒரே வருஷத்துல போகமாட்டா. போனதாக் காட்டினா என்னைக் கூப்பிடுங்கோ."

வெளியே மழை இல்லை. வெயில் வராந்தாவில் பாதிவரை வந்திருந்தது. முன்னறையில் யாரோ காகிதத்தை அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். புதிய பதிப்புக்குத் தமிழ் வந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பட்டியலில் இருப்போர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட வெகுவாகக் குறைந்தால் நிறுத்தும்படி அவர் ஒரு காவல் வைத்திருந்தார். அது நடக்கவே நடக்காது என்று நினைத்து எழுதிய வாசகம் அது. இவ்வளவும் சில நிமிடங்களில் விளங்கியது. அந்தச் சில நிமிடங்களுக்கு முன்பே நான் கைபேசியை எடுத்து அவர் எண்ணை அழுத்திவிட்டிருந்தேன். அவர் இருந்த நாளில் எதிர்மேசையில் காணாதபோதெல்லாம் செய்ததுபோல, யோசிக்காமல்.

மணி அடித்தது. அடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. துண்டிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். யாரும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "சொல்லு. எரரா?" என்றது ஒரு குரல்.

அவருடைய மனைவி. அண்ணன் மனைவியை அழைப்பதுபோல நான் மன்னி என்று அழைப்பேன். இந்த எண்ணுக்கு நான் கூப்பிட்டால் எப்போதும் பிழையைப் பற்றித்தான் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தவறிப்போய் அழுத்திவிட்டதாகச் சொன்னேன். பரவாயில்லை என்றார். ஃபோனை இன்னும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"சார்ஜ் போட்டு வெச்சிண்டிருக்கேன். யார் கூப்பிடப்போறா. ஆனா அணைச்சு உள்ளே வெக்க மனசு வரலை, கேட்டயோ."

அவரிடம் அந்தச் செய்தியைப் பற்றிச் சொல்லவில்லை. வைத்துவிட்டேன்.

புதிய கணக்கில் யார் யார் இல்லாமல் போனார்கள் என்று பார்க்க, பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாட்டை எடுத்தேன். எல்லோரும் விழிஞ்ஞத்தில் ஒரே வார்டைச் சேர்ந்தவர்கள். பழைய கணக்கில் அவர்கள் இறந்த ஆண்டு இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பதுகளில் இருந்தது.

நான் அந்த எண்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முகவரி இருந்தது. தொலைபேசி எண் இருந்தது. சர்க்கரை இருந்ததா, ரத்த அழுத்தம் இருந்ததா என்றெல்லாம் இருந்தது. அவற்றுக்குப் பக்கத்தில், இங்கு யாருமே இருக்கப்போகாத ஒரு காலத்தில், அவர்களுடைய மரணம் குறிக்கப்பட்டிருந்தது.

விளக்கம் எளியது. ஒரே மூச்சில் கேட்ட அந்தக் கேள்விக்குப் பழைய மென்பொருள் முதல் ஆளின் விடையை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற எல்லோருக்கும் அதையே செய்துவிடும். ஓர் எச்சரிக்கை வரி மட்டும் எழுதும். ஓடிமறையும் எச்சரிக்கை வரிகளை யாரும் படிப்பதில்லை. மற்ற வார்டுகளில் முதல் ஆளின் ஆண்டு இங்கிலீஷில் இருந்தது. அங்கே கொல்லம் ஆண்டுக்காரர்கள் வேறொரு சோதனையில் பிடிபட்டுக் கையால் திருத்தப்பட்டார்கள். விழிஞ்ஞத்து வார்டின் முதல் வரியில் இருந்த மூதாட்டியின் மரணத்தை அவர் வீட்டார் கொல்லம் ஆண்டில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒருவருக்குக் கூட்டவேண்டியது அவர் பின்னால் நின்ற எல்லோருக்கும் கூட்டப்பட்டது. இறந்தவர்கள் எண்ணூறு ஆண்டுகள் முன்னே தள்ளப்பட்டார்கள். இறக்கும் நாள் இன்னும் வராதவர், கணினிக்கு, உயிரோடு இருப்பவர்.

விழிஞ்ஞத்துச் சேச்சியின் கணவர் அந்த வரிசையில் இருந்தார். அவர் பெயருக்கு நேரே இருந்த தேதியும் மாதமும் சரியாகவே இருந்தன.

மறுநாள் களப்பணியாளரிடம் சொன்னேன். தான்தான் அந்த வீட்டு வாசலில் நின்று, ஆபீசு லிஸ்ட்டில் உண்டு சேச்சி, நான் என்ன செய்ய என்று ஒவ்வோர் ஆண்டும் சொன்னவள் என்றார். இந்த ஆண்டு வார்டில் மற்றவர்களையெல்லாம் பார்த்துவிட்டு அந்த வீட்டை மட்டும் விட்டுவிட முடியாது என்றும் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். அச்சிட்ட காகிதத்தின் வழியாக ஒருவரை இல்லாமலாக்குவது எனக்கும் சரியாகப் படவில்லை.

மழை முற்றிலும் ஓய்ந்த ஒரு நாள், மத்தியானத்துக்குச் சற்று முன் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி, மீன்கூடைகளுக்கு இடையில் நடந்து, சரிவில் இறங்கும்போது புதிய துறைமுகத்தின் கிரேன்கள் வீட்டுக் கூரைகளுக்கு மேலே தெரிந்தன. அசையாமல், எதையோ தூக்கப்போவதுபோலக் கையை நீட்டிக்கொண்டு. கரையோரம் இறங்கியபின் சந்தடி நின்றுபோயிற்று. ஆட்கள் போய்விட்ட வீடுகளில் கதவு நிலைகளையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஓட்டையான அந்த வாசல்கள் வழியே கடல் தெரிந்தது. வீட்டுக்குள் கடல் இருப்பதுபோல. ஒரே ஒரு வீட்டில் மட்டும் வாசல் தெளித்துப் பெருக்கியிருந்தது.

அந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். என்னைவிட வயதில் சிறியவராகத்தான் இருப்பார்.

"வாங்க, இரியுங்க. லிஸ்ட்டு கொண்டு வந்தியளா?"

பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். நான் மெதுவாகச் சொன்னேன். மென்பொருள் மாறியது, பழையது முதல் ஆளை மட்டும் பார்த்தது, கூட்டக்கூடாதவர்களுக்குக் கூட்டியது, அதனால் அவர் கணவரின் பெயர் இத்தனை ஆண்டுகளும் தவறாக வந்தது, யாரும் எங்கேயும் விசாரித்து எழுதவில்லை, எங்களுக்கு அவர் சொன்னதற்கு மேல் எதுவும் தெரியாது. அவர் குறுக்கிடவில்லை. சுவரில் ஈரம் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது. அதற்கு மேலே ஓர் ஆணியில் ஆணின் சட்டை ஒன்று, துவைத்து மடிப்புக் கலையாமல் தொங்கியது.

"அப்போ இத்தன வருசமும் அவரு ஒங்க மெசின்ல எங்க இருந்தாரு?"

"எண்ணூறு வருஷம் தள்ளி" என்றேன். "அப்பதான் இறப்பார்னு அது போட்டு வெச்சிருந்தது."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள்கள் குலுங்க. "எண்ணூறு வருசமா. நாப்பத்தஞ்சு வயசுலயே வலைக்க கண்ணி தெரியல்லன்னு கண்ணாடிக்கு அலைஞ்ச மனுசன்."

களப்பணியாளர் அழுதுவிட்டார். "நானாக்கும் சேச்சி வந்து வந்து கேட்டது."

"நீ என்ன செய்வ பிள்ள. பேர வாசிச்ச." கோப்பைகளை எடுத்து ஓரமாக வைத்தார். "கேக்க நல்லாத்தான் இருந்திச்சு. வேற யாரு அவருக்க பேரச் சொல்லுகா இப்போ?"

பிறகு அந்த அம்மாள், யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லும் குரலில், ஆனால் அச்சமின்றி, சொன்னார். "இவ கேட்டுட்டுப் போற அன்னைக்கு, மத்தியானம், பொறவாசல்ல வலைய எறக்கி வைக்குத சத்தம் கேக்கும். நனஞ்ச வல. பொத்துன்னு."

"போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாக்க மாட்டேன். பாத்தா இருக்காதுல்லா."

அதற்குப் பிறகு நடந்ததை நான் நடந்தபடியே எழுத முயல்கிறேன். காற்று இல்லை. கடல் வெகுவாக உள்வாங்கியிருந்தது. வரும் வழியில் பாறைகளுக்கு அப்பால் ஈர மணல் விரிந்து கிடந்ததைப் பார்த்திருந்தேன். வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஓர் ஓசை வந்தது. கனமான, தண்ணீர் நிறைந்த ஒன்றைத் தோளிலிருந்து தரையில் விடும் ஓசை. அலை மோதியிருக்கலாம். மழையில் ஊறிய மண் சரிந்திருக்கலாம். களப்பணியாளர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்து போய்ப் பார்ப்பதற்கு நாலு எட்டுகூட இல்லை. நாங்கள் யாரும் எழவில்லை.

அந்த அம்மாள் மட்டும் பின்கதவுப் பக்கம் தலையைத் திருப்பி, அடுப்படியில் இருப்பவள் வந்த ஆளிடம் காத்திரு என்று சொல்லும் பாவனையில், ஒரு கணம் அப்படியே இருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இந்த வருசமும் ஒருக்கக் கேளு பிள்ள. எப்பவும் கேக்குத மாதிரி."

களப்பணியாளர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் கையிலிருந்த கருவியைத் திறந்து, பெயரைத் தேடி எடுத்து, அந்தப் பெயரை முழுதாக, வீட்டுப் பெயரோடும் தகப்பன் பெயரோடும் வாசித்தார். இவர் இந்த வீட்டில் இப்போது இருக்கிறாரா என்று கேட்டார்.

"இல்ல."

படிவத்தின் அடுத்த கேள்வி தானாகவே திறந்தது. களப்பணியாளர் அதை வாசிக்கத் தயங்கினார். எப்போது இறந்தார்?

நான் எதிர்பார்த்தது வள்ளம் போன அந்தத் துலாம் மாதத்துத் தேதியை. அவர் அதைச் சொல்லவில்லை.

"இன்னைக்குன்னு போடு."

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. சொல்பவர் சொன்னதை முதலில் அப்படியே எழுதவேண்டும். திருத்தம் என்பது பிறகு, வேறோர் இடத்தில், காரணத்தையும் எழுதிவைத்துச் செய்வது. அந்த விதியைப் பல பயிற்சிகளில் நான் விளக்கியிருக்கிறேன். அது எதற்காக என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. போடு என்றேன். களப்பணியாளர் அன்றைய தேதியைப் போட்டார்.

கிளம்பும்போது அந்த அம்மாள் ஆணியிலிருந்து சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வாசல்வரை வந்தார். மகளிடம் சொல்லி அந்தச் சாவியை வாங்கிவைக்கச் சொல்லவேண்டும் என்று, பொதுவாக, எங்கள் இருவரிடமும் இல்லாமல் சொன்னார். பின்வாசலைச் சுற்றிக்கொண்டு போவதுதான் பஸ் நிறுத்தத்துக்குக் குறுக்குவழி. களப்பணியாளரும் நானும் பேசிவைத்துக்கொள்ளாமலே முன்பக்கமாகச் சுற்றிப் போனோம்.

வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை தொடங்குவதற்கு முன் அந்த அம்மாள் ஃபிளாட்டுக்குப் போய்விட்டார். அந்தச் சுவர் முதல் வாரத்திலேயே விழுந்தது.

ஆனால் மழைக்கு வெகு முன்பே, களத்திலிருந்து எல்லா வார்டுகளும் வந்துசேர்ந்த அன்று, நான் நிரலை மறுபடி ஓடவிட்டேன். எண்ணிக்கை குறைந்ததற்கான காரணத்தை உரிய இடத்தில் எழுதி, என் எதிர்மேசைக்காரருடைய காவலைத் தாண்ட வழி செய்திருந்தேன்; அழிக்கவில்லை. முற்பகல் வேளை. மச்சில் மரநாய் புரண்டு படுத்தது. புதிய கணினி எந்த ஓசையும் இல்லாமல் இருந்தது, இருந்தது, பிறகு சிவப்பில் எழுதியது.

"ஒருத்தர் ரெண்டு தடவை போகமாட்டா. என்னைக் கூப்பிடுங்கோ."

ஒரே ஆளுக்கு வெவ்வேறு இரண்டு இறந்த தேதிகள் வந்தால் நிறுத்துவதற்காக அவர் வைத்திருந்த இன்னொரு காவல். யாருக்கு என்று பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. தீர்வும் தெரியும்: கணக்குக்கு முந்தைய தேதி, பதிவில் இரண்டும், பக்கத்தில் ஒரு குறிப்பு. ஒரு வரி வேலை. அதை எழுதுவதற்கு முன் கைபேசியை எடுத்தேன். இம்முறை தவறுதலாக இல்லை.

இரண்டாம் மணியிலேயே எடுத்தார்.

"எரரா?"

"ஆமாம் மன்னி."

அந்தப் பக்கம் குக்கரின் ஆவி இறங்கும் ஓசை கேட்டது. அவர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார்.

"என்ன சொல்றார்?"

திரையில் இருந்ததை மன்னிக்கு வாசித்துக் காட்டினேன், அவர் எழுதியிருந்தபடியே.

"அவருக்கென்ன தெரியும்" என்றார் மன்னி.